கடைத்தெருவுக்குக் கார் வேண்டாம்; கேரியரும் ஸ்டாண்டும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு நெரிசல் என்றாலே சில்க் போர்டு, ஹெப்பால், வெளிவட்டச் சாலை என்று அலுவலகம் போய்வரும் பாதைகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம். மர்பி டவுனிலிருந்து அல்சூர் சந்தைக்கு, காக்ஸ் டவுனிலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு, வீட்டிலிருந்து மருந்துக்கடைக்கு, பேங்குக்கு, மாவு மில்லுக்கு, பிள்ளையின் டியூஷனுக்கு என்று நாள் முழுக்கக் கிளம்பிக்கொண்டே இருக்கும் கார்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாம் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நான்கு கிலோமீட்டர் தூரம். இந்தச் சில்லறைப் பயணங்களைச் சைக்கிளுக்கு மாற்றுவது எப்படி என்பதையும், அதற்காக நகர நிர்வாகம் செய்து தர வேண்டிய ஒரு காரியத்தையும், அதாவது கடைத்தெருவில் சைக்கிளைப் பூட்டி நிறுத்தும் ஸ்டாண்டையும், விளக்கமாக எழுதுகிறோம். கடிதம் நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காருக்கே இந்தப் பயணங்கள் ஆகாது என்பதிலிருந்து தொடங்கலாம். குளிர்ந்து கிடக்கும் பெட்ரோல் இன்ஜின் கிளம்பும்போது வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதுவரை வரும் புகை அப்படியே தெருவுக்குத்தான். இன்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கு வரப் பத்து நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் சந்தை வந்துவிடும், இன்ஜினை அணைத்துவிடுவோம். எரியும்போது உண்டாகும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பக்கத்துக் கடைக்கு மட்டுமே ஓடும் காரின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்: கெட்டி மோர்போல வெளுத்த பசை ஒட்டியிருக்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதும், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் திரும்ப ஏறாமல் பேட்டரி சீக்கிரம் உட்கார்ந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட ஓட்டம் இல்லாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். மெக்கானிக் வண்டியை நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வரச் சொல்வார்.

செலவையும் பார்த்துவிடுவோம். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்குப் போய்வர ஆறு கிலோமீட்டர். குளிர்ந்த இன்ஜின், ஹம்ப் என்கிற வேகத்தடை, சிக்னல் எல்லாம் சேர்ந்து லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் ஊரில் ஒருமுறைக்கு அறுபது ரூபாய். வாரம் ஐந்துமுறை போனால் மாதம் ஆயிரத்து இருநூறைத் தாண்டும். நேரம்? அவசரமில்லாமல் மிதித்தாலும் சைக்கிள் மணிக்கு 12 கிலோமீட்டர் போகும். மூன்று கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம். கார் சில நிமிடம் முந்தி வந்தாலும், அந்த நிமிடங்கள் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதிலேயே கரைந்துவிடும்.

ஆனாலும் சைக்கிள் வாங்கியவர்களில் பலர் ஆறு மாதத்தில் அதைப் பால்கனியில் ஏற்றிவிடுகிறார்கள். சோம்பல் என்று அவர்களைக் குறைசொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இன்றைக்குக் கடையில் விற்கும் சைக்கிள் உடற்பயிற்சிக்காகச் செய்யப்பட்டது. தடித்த டயர், முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் போர்க், டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்கும். கேரியர் இருக்காது, மட்கார்டு இருக்காது, செயின் கவர் இருக்காது, பல சமயம் ஸ்டாண்டும் பெல்லும்கூட இருக்காது. அதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்றுப் போய்வரலாம். இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிவர முடியாது.

எனவே வாங்கும்போது பின்சக்கர அச்சுக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் மறையிட்ட சிறு துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேரியரின் கால்களை மாட்டும் இடம் அது. சீட்டுக்குக் கீழே பிரேமிலும் அதேபோல இரண்டு துளை இருந்தால் நல்லது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் சாதாரணக் கேரியரின் கால், பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரில் இடிக்கும்; அதற்கென்று காலை வெளியே தள்ளி வளைத்த கேரியர் தனியாகக் கிடைக்கும். துளையே இல்லாத பிரேமில், சீட் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும் கேரியரைக் கடைக்காரர் காட்டுவார். அதை வாங்காதீர்கள். ஐந்து கிலோ ஏற்றியதுமே பக்கவாட்டில் திரும்பிச் சக்கரத்தில் உரசும்.

வீட்டில் பழைய கறுப்புச் சைக்கிளோ பெண்கள் ஓட்டும் தாழ்ந்த பிரேம் சைக்கிளோ கிடந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கேரியர், மட்கார்டு, செயின் கவர், இரட்டைக் கால் ஸ்டாண்டு என்று சந்தைக்கு வேண்டிய எல்லாம் அதில் பிறவியிலேயே உண்டு. குறை ஒன்றுதான். சமதரையை நினைத்துச் செய்த வண்டி அது. பெங்களூரோ மேடும் பள்ளமுமான ஊர். அல்சூர் ஏரிக்கரையிலிருந்து எம்.ஜி. ரோட்டுப் பக்கம் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதற்கு மலிவான வைத்தியம் இருக்கிறது. இத்தகைய வண்டியில் பெரும்பாலும் முன்பல் 44, பின்பல் 18 இருக்கும். பெடலை ஒரு சுற்று மிதித்தால் 28 அங்குலச் சக்கரம் கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் ஓடும். பின்னாலிருக்கும் ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றினால் அது நாலரை மீட்டராகும். சமதரையில் கொஞ்சம் வேகம் குறையும், ஏற்றத்தில் பத்து கிலோ சாமானோடு இறங்காமல் ஏறலாம். ஃப்ரீவீலைக் கழற்ற அதற்குரிய கழற்றி வேண்டும். உளியை வைத்துத் தட்டினால் மறை கெட்டுவிடும். பெரிய பல் போடுவதால் செயின் எட்டாமல் போகலாம், கண்ணி சேர்க்க வேண்டிவரும் என்பதையும் மெக்கானிக்கிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். நடு ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும், சிலசமயம் அறுந்தும் போகும்.

சீட் உயரத்துக்கு ஒரே அளவு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். ‘முட்டி வலிக்கிறது, சைக்கிள் எனக்கு ஒத்துவராது’ என்று சொல்பவர்களின் வண்டியைப் பார்த்தால் பெரும்பாலும் சீட் நான்கு விரல் தாழ்ந்திருக்கும்.

இனி சாமான் ஏற்றுவது. இதைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. கேரியர் எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். அலுமினியக் கேரியர்களில் பொதுவாக 25 கிலோ. கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் ஜோடிப் பைதான் சந்தைக்கு ஏற்றது. தார்ப்பாய்த் துணியில் தையற்காரரிடம் கொடுத்தே தைத்துக்கொள்ளலாம்: உயரம் 30, அகலம் 30, பருமன் 12 சென்டிமீட்டர். சக்கரத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைத் தையலுக்குள் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் பை உள்பக்கம் உப்பி ஸ்போக்ஸில் மாட்டும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால் பையை ஒரு சாண் பின்னால் தள்ளி மாட்டுங்கள். அரிசி, வெங்காயம், தேங்காய் அடியில், இரண்டு பக்கமும் எடை சமமாக. தக்காளி, கீரை, தயிர் பாக்கெட் மேலே. இட்லி மாவு வாங்கினால் மூடி இறுகிய டப்பாவில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். மாவு புளித்து உப்பும், பாக்கெட் வெடித்தால் பை முழுக்க வழிந்துவிடும். முட்டைக்கு அட்டைத் தட்டைவிட எவர்சில்வர் தூக்கும் தவிடும் உத்தமம். தவிடு இல்லையென்றால் செய்தித்தாளைக் கசக்கி இடைவெளியில் திணியுங்கள்.

ஹாண்டில்பாரில் பை மாட்டும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறோம். சைக்கிளிலிருந்து தலைகுப்புற விழுபவர்களில் பலரை வீழ்த்துவது அந்தப் பைதான். ஹாண்டிலின் ஒரு பக்கம் இரண்டு பால் பாக்கெட்டும் ஒரு சுரைக்காயும் தொங்குகிறது என்று வையுங்கள். ஹம்ப்பில் வண்டி குதிக்கும்போது பை உள்பக்கமாக ஊசலாடும். அதன் மூலை முன்சக்கரக் கம்பிகளுக்கு இடையே நுழையும். சக்கரம் கால் சுற்றுச் சுற்றுவதற்குள் பை போர்க்கில் போய் இறுகும், முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், பின்சக்கரம் மேலே எழும்பும். கையைத் தூக்கக்கூட நேரம் இருக்காது. முன்கூடை போட்டால் இந்த ஆபத்து இல்லை. மூன்று கிலோவுக்கு மேல் வைக்காமல் இருந்தால் போதும். கூடை முன்விளக்கை மறைத்துவிடும் என்பதால் விளக்கைக் கூடைக்குக் கீழே போர்க்கில் மாட்டுங்கள்.

பாரம் ஏற்றும்போது வண்டி சாய்ந்துவிழுவது இன்னொரு தலைவலி. ஒற்றைக்கால் ஸ்டாண்டு பாரத்துக்கு நிற்காது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஊன்றும் ஸ்டாண்டு போட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் முன்சக்கரம் தானாகத் திரும்பி வண்டியைச் சாய்க்கும். முன்பிரேக் பிடியை இழுத்து ஒரு தடித்த ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டால் சக்கரம் உருளாது, வண்டியும் நகராது. ஒரு பக்கப் பையை முழுவதும் நிரப்பிவிட்டு மறுபக்கம் போகாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். இறக்கும்போதும் அப்படியே.

இருபது லிட்டர் தண்ணீர் கேன், 25 கிலோ அரிசி மூட்டை, வீட்டு கேஸ் சிலிண்டர் ஆகியவற்றைச் சாதாரணச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். சிலிண்டர் கேஸோடு முப்பது கிலோவை ஒட்டி வரும். தண்ணீர் கேன் இருபது கிலோதான் என்றாலும் உள்ளே தண்ணீர் அலைந்து திருப்பத்தில் வண்டியை இழுக்கும். இவற்றைக் கொண்டுவந்து தர ஆட்கள் இருக்கிறார்கள். நோயாளியை அழைத்துப் போவதற்கும் அடைமழைக்கும் ஆட்டோ இருக்கிறது. மீதியைச் சைக்கிளுக்கு மாற்றினால் போதும் என்கிறோம்.

குழந்தையைப் பின்னால் உட்கார வைப்பவர்கள் கால் மறைப்பு இல்லாமல் ஒருநாளும் உட்கார வைக்கக் கூடாது. கேரியரில் வெறுமனே உட்காரும் பிள்ளையின் குதிகால் ஸ்போக்ஸுக்கும் பிரேம் கம்பிக்கும் நடுவில் சிக்கித் தோல் வழன்றுவிடுவது எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். கால்வைக்கும் தட்டும் பட்டையும் உள்ள குழந்தை சீட் கிடைக்கிறது. அது இல்லாதவரை சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைத்தட்டு அடித்துக்கொள்ளலாம். சேலை, துப்பட்டா அணிபவர்களுக்கும் அதே தட்டு உதவும். செயினை முழுதாக மூடும் கவர் இருந்தால் கரையில் ஆயில் ஒட்டாது. முதியவர்களுக்கும் மூச்சு வாங்குபவர்களுக்கும் மிதிக்க உதவும் மின்மோட்டார் பொருத்திய சைக்கிள்கள் வந்திருக்கின்றன. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். கடைக்காரர் வேக வரம்பை நீக்கித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த விலக்கு போய்விடும்.

பராமரிப்பில் பாதிக்கு மேல் காற்றுதான். டியூபிலிருந்து காற்று தானாகவே கசியும், வாரம் ஒருமுறை அடித்தே ஆக வேண்டும். எவ்வளவு என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். சந்தைச் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 45 முதல் 60 பவுண்டு. பாரம் பின்னால்தான் என்பதால் பின்டயருக்கு ஐந்து பவுண்டு கூட்டிக்கொள்ளுங்கள். டயர் மாற்றும்போது ‘26 அங்குலம்’ என்று மட்டும் கேட்டு வாங்கிவந்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். 26 × 1⅜ டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. 26 × 1.95 டயர் 559 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. டயரில் சின்னதாக 37-590 என்பதுபோல இருக்கும் எண்ணைப் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால் தவறு வராது.

பஞ்சர் ஆன டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தையும் சொல்லிவிடும். வெளிச்சுற்றில் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. டயரின் உள்பக்கத்தை விரலுக்கு ஒரு துணியைச் சுற்றித் தடவிப் பாருங்கள், அது இன்னும் அங்கேயே இருக்கும். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள், ரிம் டியூபைக் கடித்துவிட்டது. உள்சுற்றில் ஓட்டை என்றால் ரிம்முக்குள் இருக்கும் நாடா விலகி ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. நாடாவை மாற்றாமல் நூறு பேட்ச் போட்டாலும் பயனில்லை. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் புது டியூப்தான்.

பேட்ச் போடுவதிலும் ஒரே ஒரு தவறைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: அவசரம். ஓட்டையைச் சுற்றி உப்புக்காகிதத்தால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, பேட்ச் அளவைவிடக் கொஞ்சம் அகலமாகச் சொல்யூஷனை மெல்லிசாகப் பூச வேண்டும். பூசியதும் ஒட்டக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஈரப் பளபளப்பு மங்கி, விரலால் தொட்டால் விரலில் ஒட்டாமல் லேசாகப் பிடித்து இழுக்கிற பதம் வரும். அப்போது பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திவிட்டால் டியூப் உள்ளவரை அது இருக்கும். ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் வெயிலில் நிறுத்திய மறுநாளே கிளம்பிவிடும். டயரைத் திரும்பப் போடும்போது கடைசி ஒரு சாண் இறுகும். அங்கே லீவரைப் பயன்படுத்தினால் டியூபை நசுக்கிப் புது ஓட்டை போடுவீர்கள். எதிர்ப்பக்க டயரை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே வந்தால் கட்டைவிரலாலேயே ஏறிவிடும்.

செயினுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் மறுநாளே ஆயில். வழிய வழிய ஊற்றாமல் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்றுச் சுற்றி, வெளியே இருப்பதைப் பழந்துணியால் துடைத்துவிடுங்கள். காரில் மாற்றிய கறுப்பு ஆயிலைப் போடுவது மண்ணைக் குழைத்துத் தடவுவதற்குச் சமம். கேரியர் போல்ட்டுகள் ஹம்ப்புகளில் அதிர்ந்து கழன்றுவிடும். நைலான் வளையம் வைத்த நட் போட்டு, மாதம் ஒருமுறை இறுக்கினால் போதும்.

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரிம்மில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பு ரிம். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், நிற்க எடுக்கும் தூரம் பல மடங்காகும். அலுமினிய ரிம் நனைந்தாலும் இவ்வளவு மோசமில்லை. இரும்பு ரிம் வைத்திருப்பவர்கள் மழையில் சிக்னல் வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ரிம்மின் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும்.

பெங்களூரு சாலையில் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஓரத்தில்தான் வடிகால் மூடியின் இடைவெளி, தாரும் சிமெண்டும் சந்திக்கும் விளிம்பு, எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர் எல்லாம் இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் விட்டு, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலத்துக்குத் தள்ளியே போங்கள். திருப்பத்தில் பஸ்ஸின் இடது பக்கம் புகவே கூடாது. டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், பஸ் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வரும். பெரிய சர்க்கிளில் வலப்புறம் திரும்ப வேண்டுமானால் நேராகப் போய் நின்று, அடுத்த சிக்னலோடு போங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள். ஏப்ரல், மே மாத மாலை மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்ட வேண்டாம். கீழே குழி இருக்கிறதா, மூடி இல்லாத சாக்கடை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கார் போகும் மெயின் ரோட்டிலேயே சைக்கிளும் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏரிக்கரைச் சாலை நெரிந்தால் அண்ணாசாமி முதலியார் சாலைப் பக்கத்து உள்தெருக்கள் வழியாகப் போங்கள். நூறு மீட்டர் சுற்றினாலும் நிம்மதி.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தானாகச் செய்துகொள்ளலாம். செய்துகொள்ள முடியாதது ஒன்று உண்டு. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபின் சைக்கிளை எதில் பூட்டுவது?

பின்சக்கர வளையப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். வண்டியை அப்படியே தூக்கி ஆட்டோவில் வைத்துவிடலாம். பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, நகராத ஏதாவது ஒன்றில் பூட்ட வேண்டும். அந்த நகராத ஒன்று நம் கடைத்தெருக்களில் இல்லை. மின்கம்பம் தடிமன், மரத்தில் பூட்டினால் பட்டை உரியும், கடை ஷட்டரில் பூட்டக் கடைக்காரர் விடமாட்டார். கார் வைத்திருப்பவர் சைக்கிளில் வராததற்கு இந்தத் தயக்கம் பெரிய காரணம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

சைக்கிளுக்கென்று நகரம் இதுவரை செய்ததெல்லாம் பெரும்பாலும் பாதையைப் பற்றியதுதான். 2020-இல் வெளிவட்டச் சாலையில் கம்பங்கள் நட்டுத் தனிப்பாதை ஒதுக்கினார்கள். அலுவலகம் போவோருக்காக வந்த நல்ல முயற்சி அது, நீடிக்கவில்லை. மடக்கும் சைக்கிளை மெட்ரோவில் கொண்டுபோக 2021-இல் அனுமதி வந்தது, வரவேற்றோம். சந்தைக்கு வருபவருக்கு இவை இரண்டும் உதவாது.

சைக்கிள் நிறுத்த ஸ்டாண்டு வைத்த இடங்களிலும் தவறான ஸ்டாண்டாக இருக்கிறது. முன்சக்கரத்தை மட்டும் செருகும், தரையோடு ஒட்டிய வரிசைக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வண்டி சாய்ந்தால் முழு எடையும் முன்ரிம்மில் விழுந்து சக்கரம் கோட்டமாகிவிடும். பிரேமைப் பூட்டவும் வழியில்லை. முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது சக்கரம் மட்டும் இருக்கும்.

வேண்டியது தலைகீழ் ‘ப’ வடிவில் வளைத்த இரும்புக் குழாய். குழாயின் விட்டம் 50 மில்லிமீட்டர், தரைக்கு மேலே 75 சென்டிமீட்டர் உயரம், 75 சென்டிமீட்டர் நீளம். இரண்டு காலும் தரைக்குள் ஓர் அடியாவது இறங்கி கான்கிரீட்டில் நிற்க வேண்டும். போல்ட் வைத்துத் தரையில் முடுக்கினால் ஸ்பேனர் வைத்திருப்பவர் ஸ்டாண்டோடு சேர்த்து எடுத்துப் போவார். ஒரு வளைவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு மீட்டர் விட வேண்டும். அதைக் குறைத்தால் ஹாண்டில்கள் பின்னிக்கொள்ளும், பக்கப்பை வைத்த வண்டி உள்ளே நுழையாது. ஒரு கார் நிற்கும் ஐந்து மீட்டரில் ஐந்து வளைவு, பத்து சைக்கிள். நடைபாதையில் வைக்காமல் கார் நிறுத்தும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். நடப்பவர்களின் இடத்தைப் பிடுங்கிச் சைக்கிளுக்குக் கொடுப்பதில் நியாயமில்லை.

2025 செப்டம்பர் முதல் பெங்களூருக்கு ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள சந்தை, ரேஷன் கடை, பேங்க், மருத்துவமனை, மெட்ரோ நிலையம் ஆகியவற்றின் முன்னால் ஒரே ஒரு கார் இடத்தை இதற்கு ஒதுக்கட்டும். அல்சூர் சந்தை முகப்பு, சோமேஸ்வரர் கோயில் தெரு, ரஸ்ஸல் மார்க்கெட், ஹலசூரு (அல்சூர்) மெட்ரோ வாசல் ஆகிய நான்கு இடங்களில் தொடங்கலாம் என்பது எங்கள் கோரிக்கை. வேலை ஒப்பந்தத்தில் மேலே சொன்ன அளவுகளை எழுதியே கொடுக்க வேண்டும். ‘சைக்கிள் ஸ்டாண்டு’ என்று மட்டும் எழுதினால் பழைய சக்கரம் வளைக்கும் கம்பிதான் வரும்.

மாநகராட்சிக்காகக் காத்திருக்க விரும்பாத கடைக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கடையின் சொந்தச் சுவரில், தரையிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில், 12 மில்லிமீட்டர் கம்பியில் செய்த ஒரு வளையத்தைச் சுவருக்குள் நன்றாகப் புதைத்துப் பூசச் சொல்லுங்கள். வளையத்திலிருந்து சுவருக்குள் போகும் வாலின் நீளம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முனைகள் உள்ளே பிரிந்து விரிந்திருக்க வேண்டும். செங்கல்லின் நடுவில் துளைபோடச் சொல்லுங்கள், பூச்சு இணைப்பில் போட்டால் ஆடிக்கொண்டே வரும். பக்கத்தில் ‘சைக்கிள் இங்கே பூட்டலாம்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர், மர்பி டவுன் பகுதிச் சைக்கிள் ஓட்டிகள் சிலர்,
பெங்களூரு.